கொழுகொழுவுக்கு இங்கிலீஷில் என்ன?

கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் லோகேஸ்வரியின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அவளுடைய பட்டப்பெயர் தெரிந்திருந்தது. நெத்திலி. தமிழ்ப்பள்ளியில் எவனோ ஒருத்தன் வாய்க்கொழுப்பில் வைத்த பெயர். அவள் பள்ளியை விட்டு வந்த பிறகும் அது அவளை விடவில்லை. கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்திருந்தபோது பின்வரிசையில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்ததால், அலங்காரம் செய்த பெண் முதுகுப் பக்கம் வரிசையாக ஊக்கு மாட்டியிருந்தாள். அசைந்தால் குத்தும். எனவே லோகேஸ்வரி தாலி ஏறும்வரை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்ணுக்குக் கொஞ்சம் திமிர்போல என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிள்ளானில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் பார்க்கலாம். நாளாகிப் பார்க்கும் ஒருவரிடம் சுகமா என்று கேட்பதற்கு முன்பே கண்ணால் எடை போட்டுவிடுவார்கள். சதை கூடியிருந்தால் நல்ல வாழ்க்கை, குறைந்திருந்தால் வீட்டில் ஏதோ கோளாறு. “என்னடி இது, எலும்பும் தோலுமா இருக்க? ஒடம்புக்கு ஏதாச்சுமா? ஒம் புருஷன் சோறு போடறானா இல்லியா?” இதைப் பந்தியில், நாலு பேர் முன்னால், வாயில் வடையை வைத்துக்கொண்டு கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்களாம். அந்த அக்கறையைக் கேட்டுக் கேட்டு லோகேஸ்வரிக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடு என்றாலே தொண்டையில் இறங்காது.

அவள் கணவன் பரமேஸ்வரன் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். நல்ல மனிதன், வாய் இல்லாதவன். அத்தைமார்கள் இப்படிக் கேட்கும்போது சிரித்து மழுப்பிவிட்டு, மெல்ல நகர்ந்து ஆண்கள் பக்கம் போய் நின்றுகொள்வான். அவன் நகர்வதை லோகேஸ்வரி ஒவ்வொரு முறையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து முட்டை சாப்பிட்டாள், நெய் சாப்பிட்டாள், டின் பால்மாவைக் கரைத்துக் குடித்தாள். எதுவும் ஒட்டவில்லை. மகள் ரமணி பிறந்த பிறகு பெண்களுக்கு உடம்பு போடும் என்றார்கள். அவளுக்கு அதுவும் நடக்கவில்லை.

கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் புஷ்பவல்லி என்ற அம்மாளின் துணிக்கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ரமணி ஆரம்பப்பள்ளியில் இருந்தாள். துணிக்கடை வேலை என்றால் ஏசியில் நிற்பதுதானே என்று நினைப்பீர்கள். நிற்பதுதான் அதில் கொடுமை. வாடிக்கையாளர் கண்ணில் படும்படி உட்காரக் கூடாது என்பது புஷ்பவல்லியின் சட்டம். புஷ்பவல்லி கெட்டவள் இல்லை. தான் உட்காரும் நாற்காலியை நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றாதவள், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் நின்றதில் லோகேஸ்வரியின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. படியேற முடியாது, குந்த முடியாது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது.

கடையின் பின்னறையில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் இராஜம்மாதான் வழி சொன்னாள்.

“கிளினிக்குக்குப் போயி என்ன ஆவப்போவுது லோகா? வெள்ளிக்கெழம பாசார் மாலாம்ல ஒரு ஆளு ஜாமு மாத்திர விக்கிறான். எல்லாம் வேரு, எல, அவ்ளோதான். என் கொழுந்தன் சாப்ட்டுட்டு இப்ப நாலாவது மாடி ஏறுறான்.”

லோகேஸ்வரி அந்த இரவுச் சந்தைக்குப் போய் மூலிகை மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. மாயம் போலத்தான் இருந்தது. அந்த மாத்திரைக்குள் வேரும் இலையும் எவ்வளவு இருந்தனவோ கடவுளுக்குத்தான் வெளிச்சம்; ஸ்டீராய்டு இருந்தது. டப்பாவில் அதை எழுதியிருக்கவில்லை. இதை ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதனால் இப்போதே சொல்லியாகிவிட்டது. விற்றவனுக்குத் தெரியும். வாங்கியவளுக்குத் தெரியாது.

வலி போனது மட்டுமில்லை, பசி வந்தது. வாழ்நாளில் அறியாத பசி. நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம் தின்றுவிட்டு, ரமணி மிச்சம் வைத்ததையும் வழித்துத் தின்றாள். முதலில் கன்னம் நிறைந்தது. பிறகு கழுத்தெலும்பு மறைந்தது. இடுப்பில் புடவைக் கொசுவம் செருகுவதற்கு ஒரு இடம் கிடைத்தது. ஒருநாள் காலையில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். அமுங்கியது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. பாவம், வேறென்ன சொல்ல.

அந்த வருஷம் போன கல்யாணத்தில் அத்தைமார்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். “அடி, லட்சுமி கடாட்சமா இருக்கியேடி! இப்பதான் ஒம் மொகத்துல ஒரு களையே வந்திருக்கு.” பரமேஸ்வரன் அன்று ஆண்கள் பக்கம் போகவில்லை. சாப்பிட்டு முடியும்வரை அவள் பக்கத்திலேயே நின்றான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். திரும்பும்போது காரில், “மஞ்ச பொடவ ஒனக்கு எடுப்பா இருக்கு,” என்றான். அவனிடமிருந்து அப்படியொரு வாக்கியம் வந்ததே இல்லை. அவள் அதை வீடு வரும்வரை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கடையில் நடந்தது அதைவிடப் பெரிது. கொள்ளைநோய்க் காலத்தில் கடையை மூடச் சொன்னபோது புஷ்பவல்லி பேஸ்புக் லைவில் துணி விற்க ஆரம்பித்திருந்தாள். கடை திறந்த பிறகும் அதை விடவில்லை. பெரிய சைஸ் பஞ்சாபி சூட்டுகள் மட்டும் மூட்டையாகத் தேங்கிக் கிடந்தன. ஒல்லியான பொம்மைக்கு மாட்டி, பின்னால் கிளிப் போட்டுக் காட்டினால் யார் வாங்குவார்கள்? ஒருநாள் பொறுமையிழந்து, “லோகா, நீ போட்டுட்டு வந்து நில்லு,” என்றாள். லோகேஸ்வரி நின்றாள். திரும்பச் சொன்னபோது திரும்பினாள். கை தூக்கச் சொன்னபோது தூக்கினாள். லைவ் முடிவதற்குள் மூட்டை காலியாகிவிட்டது. திரையில் இதயமும் பூவுமாகப் பறந்தன. யார் இந்த அக்கா, எங்களை மாதிரியே இருக்கிறார்களே என்று ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் கேட்டார்கள்.

அப்போதுதான் ஜனகா வந்து சேர்ந்தாள். பிரிக்பீல்ட்ஸ்காரி, தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பம். வீட்டில் பாதிப் பேச்சு இங்கிலீஷ்தான். சுபாங் ஜெயாவில் ஓர் அறையிலிருந்து சின்னக் கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கும் தொழில் செய்தாள். படத்துக்குக் கீழே எழுத அவளுக்குச் சொல் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வந்து லோகேஸ்வரியைப் படம் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து எழுதுவாள்.

“என்ன எழுதுற ஜனகா, எனக்கும் சொல்லு லா,” என்று லோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

“பிளம்ப்னு போட்டிருக்கேன் அக்கா.”

“அப்படின்னா? குண்டா?”

“ஐயோ, இல்ல அக்கா. குண்டுக்கு ஃபேட். அத யாரும் எழுத மாட்டாங்க. பிளம்ப்னா கொழுகொழுன்னு, பாக்கவே நல்லாருக்கும். கொழந்த கன்னம், பேரீச்சம்பழம், அதுக்கெல்லாம் சொல்வாங்க. சப்பின்னா செல்லமா சொல்றது. கர்வின்னா ஷேப்பா இருக்கறது. இன்னும் கொஞ்சம் கிராண்டா வேணும்னா வலப்சுவஸ்.”

“கடைசியா சொன்னத இன்னொரு வாட்டி சொல்லு.”

ஜனகா சொன்னாள். லோகேஸ்வரி இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். அந்தச் சொல் அவள் நாக்கில் லேசில் படியவில்லை. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாள், பஸ்ஸில் உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுச் சொல் கிடைத்தது. சாஃப்ட். ஃபுல். பக்ஸம். ரூபனெஸ்க் என்று ஒன்று. அது ஏதோ பழைய காலத்து ஓவியரின் பெயரிலிருந்து வந்ததாம், அந்த ஆள் சதைப்பிடிப்பான பெண்களை மட்டுமே வரைந்தாராம். ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பதை நினைத்து லோகேஸ்வரி வெகுநேரம் ஆச்சரியப்பட்டாள்.

தமிழில் அவள் உடம்புக்கு என்ன சொல் இருந்தது? அன்றைக்கு நெத்திலி. இன்றைக்கு யாராவது பொறாமைப்பட்டால் தடிச்சி, உப்பல், பூசணி. கொஞ்சுவதற்கு இருக்கும் சொல்லெல்லாம் குழந்தைக்கும் சாமிக்கும் போய்விட்டது. நாற்பதை நெருங்கும் துணிக்கடைக்காரிக்கு மிச்சமில்லை. இங்கிலீஷில் அவளுக்கென்று இத்தனை சொல் யாரோ செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. மொழி தெரியாத ஊரில் மாலை போட்டு வரவேற்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஜனகாவுக்கு இன்னொரு வாடிக்கையாளர் சுங்கை பூலோவில் செடி விற்கும் ஜெயந்திரன். கற்றாழை, கல்ரோஜா, இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சின்னச் சின்னத் தொட்டிச் செடிகள். இதற்கும் அதே சொற்கள்தான் பொருந்தின என்பது ஜனகாவுக்கு வசதியாகப் போய்விட்டது. பிளம்ப், ஜூசி, லஷ், ஃப்ளெஷி, சக்யுலண்ட். வேலை நெருக்கடியில் ஒருமுறை செடிக்கு எழுதியதைத் துணிக்கு ஒட்டிவிட்டாள். லோகேஸ்வரி நீலச் சூட்டில் சிரிக்கும் படத்துக்குக் கீழே, கொழுகொழுவென்ற சாறுள்ள அழகு, பராமரிப்பு அதிகம் தேவையில்லை, வாரம் ஒருமுறை தண்ணீர் போதும் என்று இங்கிலீஷில் வந்துவிட்டது. ஆயிரம் பேர் சிரித்துப் பகிர்ந்தார்கள். புஷ்பவல்லிக்கு விற்பனை எகிறியது. லோகேஸ்வரியும் சிரித்தாள். பராமரிப்பு தேவையில்லை என்பது மட்டும் உண்மைதான் என்று இராஜம்மாவிடம் சொன்னாள்.

ஆனால் அதற்குள் வேறு சில விஷயங்கள் ஆரம்பித்திருந்தன. கை எங்கேயாவது லேசாக இடித்தால்கூட ஊதாவாகக் கன்றிப்போனது. வயிற்றிலும் அக்குளுக்குப் பக்கத்திலும் பீட்ரூட் நிறத்தில் கோடுகள் விழுந்தன. பிடரிக்குக் கீழே ஒரு மேடு தள்ளியது. உடம்பு பெருத்த அளவுக்குக் கையும் காலும் பெருக்கவில்லை. அவை குச்சியாகவே நின்றன. படியேறினால் முழங்கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கியது. லோகேஸ்வரி நீளக் கை வைத்த சூட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். மேக்கப்பைக் கூட்டினாள். சதை போட்டால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதலில் சந்தேகப்பட்டது ஜனகாதான். அதுவும் செடியால். ஜெயந்திரனின் தோட்டத்தில் ஒரு செடியின் இலை மற்றதைவிடப் பருத்து, கண்ணாடி மாதிரி மினுமினுவென்று இருந்தது. அதைத்தான் படம் எடுக்கலாம் என்று அவள் குனிந்தபோது அவன் தடுத்தான். “அது வேண்டாம் சிஸ்டர். தண்ணி கூடிப் போச்சு. வேரு அழுகிருச்சு. இன்னும் ரெண்டு நாள்ல கொழகொழன்னு விழுந்துரும்.” ஜனகா அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லோகேஸ்வரியின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். வாராவாரம் அந்த முகத்தின் மினுமினுப்பைத் தான்தான் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. மறுநாள் கடைக்கு வந்து, “அக்கா, வாங்க, ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரலாம்,” என்று காரில் ஏற்றிக்கொண்டாள்.

கூட்டிப்போன இடம் அவளுக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவின் கிளினிக். டாக்டரம்மா முகத்தைப் பார்த்தார், பிடரியைத் தொட்டார், சட்டையைத் தூக்கிக் கோடுகளைப் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நேராகக் கேட்டார். லோகேஸ்வரி கைப்பையிலிருந்த டப்பாவை எடுத்து நீட்டினாள். அதற்குப் பிறகு டாக்டரம்மா ஜனகாவிடம் இங்கிலீஷில் பேசினார். லோகேஸ்வரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தனக்கென்று இருக்கும் சொற்களில் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். பஃபி என்றார். ப்ளோட்டட் என்றார். ஸ்வோலன். மூன் ஃபேஸ். எல்லாம் வீக்கத்துக்குச் சொல்வது. ஒன்றுகூட அவள் படித்த சொல் இல்லை. அதே முகத்துக்கு இங்கிலீஷில் இன்னொரு வரிசையும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இது சத இல்லம்மா,” டாக்டரம்மா தமிழுக்கு வந்தார். “மருந்து ஊத வச்சது. உள்ள சக்கரை ஏறியிருக்கு, பிரஷர் ஏறியிருக்கு, எலும்பு அரிச்சுக்கிட்டு இருக்கு. இதே மாதிரி ஒண்ண ஒடம்பே சொந்தமா சுரக்கும், ஒங்களுக்கு அது நின்னிருக்கும். அதனால இந்த மாத்திரையத் திடீர்னு நிறுத்தவும் கூடாது, ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அவங்க கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சு விடுவாங்க.”

லோகேஸ்வரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “மொகம் என்னா ஆவும் டாக்டர்?”

டாக்டரம்மா ஆறுதலாகச் சிரித்தார். “கவலப்படாதீங்க. எல்லாம் வத்திரும். பழையபடி ஆயிருவீங்க.”

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். பழையபடி என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? ஊக்கு மாட்டிய ரவிக்கை தெரியுமா, ஆண்கள் பக்கம் நகர்ந்து போகும் புருஷன் தெரியுமா? காரில் ஜனகா பேசியது எதுவும் லோகேஸ்வரிக்கு உள்ளே இறங்கவில்லை. நிறுத்தினால் ஆபத்து என்பது மட்டும் அவளுக்குச் சௌகரியமாக நினைவில் நின்றது. அதையே பிடித்துக்கொண்டு சாப்பிட்டுவந்தாள். தீபாவளி விற்பனை முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கடிதத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். பரமேஸ்வரனிடம் சொல்லவில்லை. ஜனகா கேட்டபோதெல்லாம் தேதி கிடைத்துவிட்டது என்று பொய் சொன்னாள்.

தீபாவளிக்கு முன்பு அந்த பாசார் மாலாம் ஆள் காணாமல் போனான். அதிகாரிகள் வந்து பொருளை அள்ளிக்கொண்டு போனதாகப் பேசிக்கொண்டார்கள். லோகேஸ்வரியின் டப்பா காலியாயிற்று. நாலைந்து நாள் கழித்து, கடையில் புடவைக் கட்டை எடுக்கக் கையை உயர்த்தியவள் அப்படியே சரிந்தாள். வாந்தி எடுத்தாள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. கண் செருகியிருந்தது. இராஜம்மா போட்ட கூச்சலில் எதிர்க்கடைப் பூக்காரர் ஓடிவந்து தூக்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் அளவிட முடியாதபடி இறங்கியிருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்று அங்கிருந்த டாக்டர் பரமேஸ்வரனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அவளிடமும் சொன்னார். மறுபடி அந்த மாத்திரை பக்கம் போய், மறுபடி இப்படி விழுந்தால், எழுந்திருப்பது சந்தேகம்.

அவள் பிழைத்து வந்தாள். ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள். டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. வற்றினாள். முதலில் முகம், பிறகு வயிறு. உள்ளே இருந்தது போய்விட்டது, தோல் மட்டும் போகவில்லை. தாடைக்குக் கீழே தொங்கியது. முழங்கால் வலி வட்டியோடு திரும்பி வந்தது. முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்ததால் கூன் விழுந்தது. பழையபடி ஆகியிருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய நெத்திலிக்கு இளவயதாவது இருந்தது.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஆப்பிளும் மால்ட் டின்னுமாக வந்து, உட்கார்ந்த உடனே ஆரம்பிப்பார்கள். “ஐயோ, எப்படி இருந்தவ! கொழுக்கட்ட மாதிரி இருந்தியேடி, கண்ணு பட்டுருச்சி.” ஒரு அத்தை பரமேஸ்வரனைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், “கேன்சரா? எங்கிட்ட மறைக்காத,” என்று கேட்டது கூடம்வரை கேட்டது. அவள் ஊதிச் சாகக் கிடந்தபோது ஆரோக்கியம் என்று கொண்டாடியவர்கள், வற்றிக் குணமாகும்போது சாகப்போகிறாள் என்று அழுதார்கள். பரமேஸ்வரன் எல்லோருக்கும் தேநீர் கலக்கிக் கொடுத்தான். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் சிகரெட் பிடித்தபடி நின்றான்.

புஷ்பவல்லி வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகைதான். “நல்லாத் தேறி வா லோகா. ஒன் எடம் அப்படியேதான் இருக்கு,” என்றாள். இடம் அப்படியே இருந்தது. அதில் சந்திரகலா என்ற பெண் நின்றாள். லோகேஸ்வரி போனில் லைவ் பார்த்தாள். பிளம்ப், கர்வி, வலப்சுவஸ், எல்லாம் இப்போது சந்திரகலாவுக்கு வந்தன. சொற்கள் யாருக்கும் சொந்தமில்லைதான். ஆனாலும் தன் துணியை இன்னொருத்தி உடுத்திக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதுபோல வயிறு எரிந்தது. அந்த வாசகங்களை எழுதியது ஜனகா இல்லை. அவள் அந்தக் கடைக்கு எழுதுவதை விட்டுவிட்டாள். லோகேஸ்வரியை வந்து பார்த்தபோது ஒரு விளம்பரச் சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை. “உயிரோட இருக்கீங்க அக்கா, அது போதும்,” என்றாள். அது போதும் என்று சொன்னது அவள் ஒருத்திதான்.

எல்லாரையும்விட ரமணிதான் லோகேஸ்வரியை உருக்கினாள். பதினாறு வயதுப் பெண். அம்மா கடையில் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பள்ளிச் சீருடையோடு நின்றதிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளி விட்டால் நேரே வீடு. பூப்பந்துப் பயிற்சியை நிறுத்திவிட்டாள். தோழிகள் கூப்பிட்டால் போவதில்லை. அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பாள். படுத்திருந்தால் வந்து மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். அம்மாவின் முகம் வற்ற வற்ற அவள் முகமும் வற்றியது. “நா தேறிக்கிட்டுதான் இருக்கேன்டி, டாக்டரே சொல்லிட்டாரு,” என்றால், தாடைத் தோலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். அவளும் அந்த அத்தைமார்களின் வீட்டுப் பெண்தானே. மெலிந்துகொண்டே ஒருவர் தேற முடியும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அடுத்து வந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ரமணி வர மறுத்தாள். எல்லாரும் ஒன்னப் பாத்து ஒரு மாதிரியாப் பேசுவாங்கம்மா, என்னால கேக்க முடியாது என்றாள். லோகேஸ்வரி போனாள். எல்லோரும் பேசினார்கள். வாசலில் பன்னீர் தெளித்த பெண் அவளை அடையாளம் தெரியாமல், “வாங்க பாட்டி,” என்றாள். பரமேஸ்வரன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் எங்கும் நகரவில்லை. ஆனால் அவன் காது சிவந்ததை அவள் பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஊன்றுகோலைப் பிடித்தபடி பாசார் மாலாமுக்குப் போனாள். காய்கறி வாங்கத்தான் போனாள் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி வரிசையில், ஜூஸ் கடைக்குப் பக்கத்தில், அதே ஆள் நின்றான். டப்பாவின் நிறம் மாறியிருந்தது, பெயர் மாறியிருந்தது.

“ஆன்டி, லாமா தா நம்பாக்! ரொம்ப நாளாக் காணோம்,” என்றான். கேட்காமலே ஒரு டப்பாவை எடுத்து முன்னால் வைத்தான்.

அவளுக்கு எல்லாம் தெரியும். முதல் தடவை அறியாமல் விழுந்த குழி. இந்தத் தடவை அப்படிச் சொல்ல வழியில்லை. ஆஸ்பத்திரி டாக்டரின் குரல்கூட அப்போது காதில் கேட்டது. அதைவிடப் பக்கத்தில், குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கும் மகளின் மூச்சுச் சத்தம் கேட்டது. இந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கிறது, முகம் மட்டும் கொஞ்சம் நிறைந்தால் போதும், அவளுக்காகக் கொஞ்ச நாள், பிறகு நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். மகளுக்காக மட்டுமா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. டப்பாவைக் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பசி திரும்பி வந்தது. அவள் தட்டில் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது ரமணி ஓடிப் போய் அப்பாவைக் கூட்டிவந்து காட்டினாள். பரமேஸ்வரன் மறுநாளே நாட்டுக்கோழி வாங்கி வந்தான். மாத்திரை விற்றவன் தொலைந்துபோனான் என்றே நினைத்திருந்தவன், தன் சமையல்தான் அவளைத் தேற்றுகிறது என்று நம்பித் துறைமுகத்திலிருந்து வந்த களைப்போடு சூப் வைத்தான். தாடைத் தோல் இறுகியது. கன்னத்தில் மினுமினுப்பு ஏறியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி வந்து போயிற்று, அவள் போகவில்லை. போனால் அவர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உலகத்தில் அந்த ஒரு கட்டடத்தில் மட்டும்தான் அவள் முகத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ரமணி அவளைச் சன்னல் பக்கம் உட்கார வைத்து, தலை வாரி, பொட்டு வைத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு இரண்டு கையாலும் அம்மாவின் கன்னத்தைப் பிடித்து அமுக்கினாள்.

“சாஃப்டா இருக்கும்மா! இப்பதான் எங்கம்மா மாதிரி இருக்க.”

“போடவா போற? என்னா எழுதுவ? பிளம்ப்பா?”

“ம்ஹூம். அதெல்லாம் கடைக்கு எழுதறது.” ரமணி போனில் விரலை ஓட்டினாள். “ஹெல்தி. மை மம் இஸ் ஹெல்தி அகெய்ன். அவ்ளோதான்.”

லோகேஸ்வரிக்கு அந்தச் சொல் தெரியும். அதற்கு அர்த்தம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாத்திரையைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும். மறுபடி கதவுக்கு வெளியே வந்து நிற்பாள். லோகேஸ்வரி வாயைத் திறந்து, பிறகு சிரித்தாள்.

ரமணி எழுந்து போய் அலமாரிக்கு மேலிருந்து பூப்பந்து மட்டையை எடுத்து, தூசியைத் தட்டினாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“அம்மா, எல்லாரும் வெளாடுறாங்க. நா போவட்டா? நீ தனியா இருந்துப்பதானே? இனிமே எனக்குப் பயமில்ல.”

“போய்ட்டு வா,” என்றாள் லோகேஸ்வரி.

மகள் படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. பின்னாலேயே கூப்பிட வேண்டும் என்று எழுந்திருக்கப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. கூப்பிடவில்லை.